பயணம் கட்டுதல்: ஒரு வினைச்சொல் பற்றிய ஆய்வு

நம் தமிழில் ‘பயணம் கட்டுதல்’ என்றொரு வழக்கு உண்டு. ‘அவர் ஹஜ்ஜுக்குப் பயணம் கட்டிவிட்டார்’ என்று ஒருவர் கூறுவாராயின், கேட்போர் உள்ளத்தில் இரு பொருள்கள் ஒருங்கே தோன்றும். போவதற்கு வேண்டிய ஆயத்தங்கள் முடிந்தன என்பது ஒன்று. அவர் போவது உறுதியாயிற்று என்பது மற்றொன்று. ஆயத்தம் வேறு, புறப்பாடு வேறு என்று பிரித்துப் பாராமல் இரண்டையும் ஒரே வினைக்குள் அடக்கிய சொல் இது. புலவர் அவையில் பிறந்த சொல் அன்று. அடுக்களையிலும் திண்ணையிலும் பிறந்த சொல்.

இச்சொல் இன்று எழுத்தில் அருகி வருகின்றது. செய்தித்தாள் நடை ‘பயணம் மேற்கொண்டார்’ என்கிறது. கதையாசிரியர் ‘கிளம்பினார்’ என்கிறார். நம்மவர் எழுதும் மார்க்க நூல்களிலோ ‘புறப்பட்டார்கள்’ என்பதே பெருவழக்கு. சிற்சில நூல்களில், வருந்தத்தக்க முறையில், ‘தப்பி ஓடினார்கள்’ என்றும் காண்கிறோம். சொல் மாறினால் என்ன, செய்தி ஒன்றுதானே என்று வாசகர் கேட்கலாம். செய்தி ஒன்றன்று என்பதே நம் கருத்து. இவ்வினையைக் கைவிட்டதனால் நம் வரலாற்றின் தலையாய நிகழ்ச்சி ஒன்றையே நாம் குறைத்துக் கூறத் தொடங்கியிருக்கிறோம். அதனை முறையாகக் காட்டுவதற்கு, முதலில் சொல்லின் இயல்பை ஆராய்தல் வேண்டும்.

‘கட்டு’ என்னும் வினை

‘புறப்படு’ என்பது நல்ல தமிழ்ச் சொல்லே. புறத்தே படுதல், அதாவது உள்ளிருந்து வெளியே தோன்றுதல் என்பது அதன் பொருள். வில்லிலிருந்து அம்பும் புறப்படும். வாயிலிருந்து சொல்லும் புறப்படும். அம்புக்கு ஆயத்தம் இல்லை, எய்தவனுக்கே உண்டு. ‘கிளம்பு’ என்பது மேலெழுதலைக் குறிக்கும். புழுதியும் கிளம்பும், வதந்தியும் கிளம்பும். ‘ஆயத்தமாகு’ என்னும் சொல்லோ வாசற்படியோடு நின்றுவிடும். ஆயத்தமானவர் போனாரா இல்லையா என்பதை அது கூறாது. ‘கட்டு’ ஒன்றே வீட்டின் உள்ளும் வீதியிலும் காலூன்றி நிற்கும் வினை.

தமிழர் வழிநடையைப் பற்றிய பேச்சு முழுவதிலும் இக்கட்டு ஊடுருவி நிற்பதைக் காணலாம். கொண்டுபோகும் உணவு கட்டுச்சோறு. மாட்டை நுகத்தில் பூட்டிப் போக்குக்கு ஒழுங்கு செய்வது வண்டி கட்டுதல். எங்கள் கல்லங்குறிச்சியிலுள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் ஆண்டுதோறும் இராமநவமியை ஒட்டிப் பெருவிழா நடைபெறும். அதற்குச் சுற்றுப்புறத்து உழவர் குடும்பத்தோடு வருதலை முதியோர் ‘வண்டி கட்டிக்கொண்டு வருதல்’ என்றே சொல்வர். இன்று வண்டிகள் குறைந்து பேருந்தும் உந்துகளும் பெருகிய பின்னரும், சொல் பழைய நுகத்தடியைவிட்டு இறங்கவில்லை. ‘நடையைக் கட்டு’ என்பதும் இவ்வினத்ததே. அங்கே மூட்டையும் இல்லை, வண்டியும் இல்லை. கால்களையே கட்டி ஆயத்தம் செய்துகொண்டு போ என்பது கருத்து.

நம் சமுதாயத்தார் இவ்வினையை மார்க்க வழக்கிலும் ஏற்றுக்கொண்டனர். ‘இஹ்ராம் கட்டுதல்’ என்கிறோம். ‘தக்பீர் கட்டுதல்’ என்கிறோம். அரபியில் ‘அஹ்ரம’ என்னும் வினைக்குக் கட்டுதல் என்ற பொருள் இல்லை. விலக்கப்பட்டவற்றிலிருந்து ஒதுங்கிய புனித நிலையுள் புகுதல் என்பதே பொருள். ‘கட்டு’ என்பது தமிழ் முஸ்லிம்கள் தாமே சேர்த்துக்கொண்ட சொல். தைக்கப்படாத இரு துணிகளை உடுத்துதலும், நிய்யத்தும், அதன்பின் வரும் கட்டுப்பாடும், பயணத்தின் உறுதியும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிடுவதைக் கண்டே நம் முன்னோர் அதனைத் தேர்ந்தனர் போலும். மொழிபெயர்ப்பு என்பது இவ்வாறு இருத்தல் வேண்டும்.

அரபு மொழியில் இதன் இணை

ஆயத்தத்தையும் புறப்பாட்டையும் இணைக்கும் வினை அரபியிலும் உண்டு. ‘ஷத்துர் ரிஹால்’ என்பது ஒட்டகச் சேணங்களை இறுகக் கட்டுதல். மூன்று பள்ளிவாசல்களுக்கு அன்றிச் சேணம் கட்டப்படலாகாது என்னும் கருத்துடைய நபிமொழி யாவரும் அறிந்தது. மக்காவின் மஸ்ஜிதுல் ஹராம், மதீனாவின் மஸ்ஜிதுந் நபவீ, பைத்துல் முகத்தஸின் மஸ்ஜிதுல் அக்ஸா ஆகியன அம்மூன்று. அங்கே ‘சேணம் கட்டுதல்’ என்பதற்குப் பயணம் போதல் என்பதே பொருள். தமிழின் ‘பயணம் கட்டு’ என்பதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமையை விளக்க வேண்டுவதில்லை.

இதனினும் விரிந்த பொருளுடையது ‘ஜஹ்ஹஸ’ என்னும் வினை. ஒருவரைப் பயணத்துக்கு வேண்டியன தந்து ஆயத்தம் செய்து அனுப்புதல் என்பது அதன் பொருள். தானே ஆயத்தமாதல் ‘தஜஹ்ஹஸ’ எனப்படும். ஆயத்தப் பொருள்கள் ‘ஜஹாஸ்’ அல்லது ‘ஜிஹாஸ்’. யூசுப் (அலை) அவர்கள் தம் சகோதரர்க்குத் தானியம் ஏற்றி அனுப்பியதைத் திருக்குர்ஆன் இவ்வினையாலேயே இரு முறை கூறுகின்றது (12:59, 12:70). பார்சி, உருது மொழிகளில் கப்பலுக்கு ‘ஜஹாஸ்’ என்று பெயர் வந்ததும் இச்சொல்லிலிருந்தே. எல்லா ஆயத்தங்களோடும் கடலில் இறங்குவது கப்பல் அன்றோ?

பிற நாட்டு வழக்கு ஒன்று

இவ்வாறு இரண்டு செயல்களை ஒரு வினையில் முடிந்துவைத்தல் கீழை நாடுகளுக்கே உரியது என எண்ண வேண்டா. ஸ்காட்லாந்தின் பழைய மொழியில் ‘பூன்’ என்றொரு வினை உண்டு. ஆயத்தம் செய்தல் என்றும், ஓரிடம் நோக்கிப் புறப்படுதல் என்றும் அதற்குப் பொருள். அந்நாட்டு எல்லைப்புறக் கதைப்பாடல்களில் வீரர் போருக்குப் போகும் இடங்களில் இது வரும். ஆயத்தப்படுதலைக் குறிக்கும் ‘பஸ்க்’ என்னும் மற்றொரு வினை இதற்குத் துணையாக ஒட்டி வருவதும் உண்டு. இவ்விரண்டும் வடகடல் கடந்து வந்த நார்வே மக்களின் பழமொழியிலுள்ள ‘பூவா’ என்னும் வினையினின்று பிறந்தவை. அவ்வினைக்குக் குடியிருத்தல் என்பதும் பொருள். ஆயத்தம் செய்தல் என்பதும் பொருள். வீடு கட்டுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லாகிய ‘பவ்வன்’ என்பதும் அவ்வினத்ததே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கப்பல் இன்ன துறைக்குப் போவது என்று கூற ஆங்கிலத்தார் வழங்கும் ‘பவுண்ட்’ என்னும் சொல் இப்பழைய ‘பூன்’ என்பதன் வழிவந்தது. கட்டப்பட்டது என்னும் பொருளுடைய ‘பவுண்ட்’ வேறொரு சொல். இரண்டும் பிற்காலத்தில் ஒலியால் ஒன்றாயின. எனவே, ‘பார்த்தீர்களா, ஆங்கிலேயரும் பயணத்தைக் கட்டத்தான் செய்கிறார்கள்’ என்று மகிழ்தல் ஆராய்ச்சி ஆகாது. ஒலி ஒப்புமையைக் கண்டு உறவு கொண்டாடும் பழக்கம் நம் சொல்லாய்வாளரிடையே மிகுதி, அது தவிர்க்கத்தக்கது.

உண்மையான ஒப்புமை ஒலியில் இல்லை, பொருளில் இருக்கிறது. குடியிருப்பதற்கும் புறப்படுவதற்கும் அவர்கள் ஒரே வேரைக் கொண்டனர். நாமும் வீட்டையும் கட்டுகிறோம், பயணத்தையும் கட்டுகிறோம். தோலால் அமைந்த கூடாரங்களை அல்லாஹ் மனிதர்க்கு வீடாக அளித்தான் என்றும், அவர்கள் பெயரும் நாளிலும் தங்கும் நாளிலும் அவை சுமக்க எளியனவாய் உள்ளன என்றும் சூரத்துந் நஹ்லின் 80ஆம் வசனம் உணர்த்துகின்றது. அக்கூடாரம் தங்கும்போது வீடு, பெயரும்போது மூட்டை. வீட்டை ஒழுங்குசெய்யாதவன் வழிக்கு ஆயத்தமானவன் ஆகான் என்னும் உண்மை மூன்று மொழிகளிலும் இவ்வாறு மறைந்து கிடக்கின்றது.

ஹிஜ்ரத்தும் ‘ஓட்ட’மும்

இனி நம் தலையாய பொருளுக்கு வருவோம். கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவினின்று மதீனாவுக்குப் போந்ததை மேல்நாட்டார் பலர் ‘ஓட்டம்’ என்று பொருள்படும் சொல்லால் எழுதினர். அதைப் பார்த்தெழுதிய நம்மவர் சிலரும் ‘தப்பி ஓடினார்கள்’ என்று எழுதிவிட்டனர். பகைவர் கண்ணில் படாமல் இரவில் வெளியேறியது உண்மையே. ஆயினும் ‘ஓட்டம்’ என்பது ஆயத்தமற்ற செயல். அச்சம் முன்னே தள்ள, கால் பின்னே விரைவது ஓட்டம். ஹிஜ்ரத் அத்தகையதா?

ஸஹீஹுல் புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நெடிய செய்தியைப் பார்ப்போம். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் மதீனாவுக்குப் போக ஆயத்தமானார்கள். பெருமானார் அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். தமக்கும் அனுமதி கிடைக்கும் என்று நம்புவதாகக் கூறினார்கள். அன்று முதல் நான்கு மாதங்கள் தம்மிடமிருந்த இரண்டு ஒட்டகங்களுக்கு ஸமுர் மரத்தின் இலைகளை இட்டு வளர்த்தார்கள் அபூபக்ர் அவர்கள். ஒரு நண்பகலில், வழக்கமாக வாராத நேரத்தில், பெருமானார் வந்து அனுமதி கிடைத்த செய்தியைச் சொன்னார்கள். ஒட்டகங்களில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுமாறு தோழர் வேண்டியபோது, விலைக்கே கொள்வதாகப் பெருமானார் கூறினார்கள்.

அதன்பின் வரும் பகுதியே நம் ஆராய்ச்சிக்கு உயிர். தாங்கள் அவ்விருவரையும் மிக விரைந்து ஆயத்தம் செய்ததாக அன்னையவர்கள் கூறுகிறார்கள். அங்கே வரும் வினை ‘ஜஹ்ஹஸ’ என்பதே. வழியுணவைத் தோற்பையில் இட்டார்கள். அதன் வாயைக் கட்டக் கயிறு இல்லை. அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடைக்கச்சையைக் கிழித்து அதனால் பையின் வாயைக் கட்டினார்கள். ‘தாத்துந் நிதாக்’, கச்சையுடையவர், என்னும் பெயர் அவர்களுக்கு அதனால் வந்தது. பிற அறிவிப்புகளில் அது ‘இரு கச்சையுடையவர்’ என வழங்கும். அரபியின் ‘ஜஹ்ஹஸ’வும் தமிழின் ‘கட்டு’ம் ஒரே செயலில் சந்திக்கும் இடம் இது. ஒரு பெண் தன் ஆடையைக் கிழித்துக் கட்டிய கட்டுச்சோற்றின் மீது நம் ஆண்டுக் கணக்கே தொடங்குகின்றது.

இன்னும் பாருங்கள். வழி அறிந்த ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார்; அவர் குறைஷியரின் சமயத்தவர். ஒட்டகங்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு வருமாறு அவரோடு ஏற்பாடு. இரவில் குகையில் தங்கி, விடியுமுன் ஊர் திரும்பிப் பகைவர் பேச்சைக் கேட்டுவர அபூபக்ர் அவர்களின் மகனார் அப்துல்லாஹ். மாலையில் ஆடுகளை ஓட்டிவந்து பால் தர ஆமிர் இப்னு ஃபுஹைரா. மக்களின் அமானிதப் பொருள்களை உரியவரிடம் ஒப்படைக்க, சீறா ஆசிரியர்கள் கூறுமாறு, அலீ (ரலி) அவர்கள் பின்தங்கினார்கள். கொல்ல வந்தவர்களின் பொருளையும் திருப்பித் தந்துவிட்டுப் போவதற்குப் பெயர் ஓட்டமா? தமிழில் இதற்கு ஒரே சொல் உண்டு. பெருமானார் பயணம் கட்டினார்கள். கட்டியவர்களோ ஒரு குடும்பத்தார் அனைவரும்.

உமறுப் புலவர் இவ்விடத்தில் எவ்வளவு நுட்பமாக நடந்துகொண்டார் என்பதையும் கருதுதல் வேண்டும். சீறாப்புராணத்தின் மூன்றாம் காண்டத்துக்கு ஹிஜ்றத்துக் காண்டம் என்றே அரபுப் பெயர் இட்டார். அதனுள் மக்காவினின்று பெயர்தலைக் கூறும் பகுதிக்கு அவர் இட்ட பெயர் ‘யாத்திரைப் படலம்’. யாத்திரை என்பது போகும் இடம் தெரிந்த போக்கு. அதற்கு முன்னே அவர் வைத்தது ‘மதீனத்தார் ஈமான் கொண்ட படலம்’. போகுமுன் போகுமிடம் ஆயத்தமாயிற்று என்பது படல வைப்பிலேயே விளங்குகின்றது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் கண்ட உண்மையை, அச்சுப்பொறியும் அகராதியும் கைக்கொண்ட நாம் தவறவிடலாமா?

செலவழுங்கலும் கஅபின் தயக்கமும்

பயணம் கட்டுதலுக்கு மறுதலை பயணம் கட்டாமை. அதனைப் பற்றித் தமிழிலக்கணமும் நம் மார்க்க வரலாறும் கூறுவன ஒப்புநோக்கத்தக்கவை.

பழந்தமிழில் ‘செலவு’ என்றால் போதல் என்று பொருள். பணம் கழிதல் என்பது பிற்காலப் பொருள். பொருள் தேடப் பிரியும் தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு போகாது நிற்றலைச் ‘செலவழுங்கல்’ என்பர். பாலைக்கலியில் இத்துறை மிகச் சிறந்து விளங்கும். இவ்வாறு நிற்பது போகாமலே விட்டுவிடுதல் அன்று, அவளை ஆற்றுவித்துப் பின்னர்ப் போதற்பொருட்டே நிற்றல் என்று தொல்காப்பியர் கற்பியலில் தெளிவுபடுத்துவார். ஆகவே அத்தயக்கமும் ஆயத்தத்தின் ஒரு பகுதியாகிறது. வீட்டாரின் மனத்தை ஆற்றுதலும் பயணம் கட்டுதலில் அடங்கும் என்பது தமிழ் மரபு.

இதற்கு நேர் எதிரானது கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் தயக்கம். அவர் அன்சாரி, பெருமானாரின் கவிஞர்களில் ஒருவர். ஹிஜ்ரி 9இல் தபூக் படையெடுப்பு நிகழ்ந்தது. கடும் வெயில், தொலைவான வழி, மதீனாவிலோ கனிகள் பழுத்து நிழல் இனித்திருந்த காலம். கஅப் அவர்களிடம் அப்போது இரண்டு வாகனங்கள் இருந்தன. அதற்குமுன் அவ்வளவு வசதி அவர்களுக்கு இருந்ததில்லை. ஒவ்வொரு காலையும் ஆயத்தமாகப் போவார்கள். ஒன்றும் முடிக்காமல் திரும்புவார்கள். ‘நினைத்தால் முடியும்’ என்று தமக்குள் சொல்லிக்கொள்வார்கள். படை போய்விட்டது. ஓரிரு நாளில் ஆயத்தமாகிப் பின்தொடரலாம் என்றிருந்தார்கள். அதுவும் நிகழவில்லை. இதைத் தம் வாயாலேயே அவர்கள் விரித்துரைத்ததைப் புகாரியில் காண்கிறோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் வினையும் நாம் கண்ட ‘தஜஹ்ஹஸ’வே.

அதே படையெடுப்பில் பின்தங்கிய நயவஞ்சகரைக் குறித்து, அவர்கள் புறப்பட உண்மையில் விரும்பியிருந்தால் அதற்கான ஆயத்தம் எதையேனும் செய்திருப்பார்கள் என்னும் கருத்தைச் சூரத்துத் தவ்பாவின் 46ஆம் வசனம் கூறுகின்றது. விருப்பத்துக்குச் சான்று ஆயத்தமே என்பது இறைவன் தரும் அளவுகோல். கஅப் அவர்கள் நயவஞ்சகர் அல்லர். பொய்க் காரணம் கூறாது உண்மையை ஒப்புக்கொண்டார்கள். ஐம்பது இரவுகள் ஒதுக்கிவைக்கப்பட்டுப் பின் மன்னிப்புப் பெற்றார்கள். அச்செய்தி அதே சூராவின் 118ஆம் வசனத்தில் உள்ளது. அவர்களிடம் விருப்பம் இருந்தது, வசதியும் இருந்தது, கட்டு இல்லை. ‘புறப்படவில்லை’ என்று மொழிபெயர்த்தால் இந்நுட்பம் மறைந்துபோம். ‘பயணம் கட்டாமலே நாள் போக்கினார்கள்’ என்று எழுதினால் நம் வீட்டுச் சிறுவனுக்கும் விளங்கும். தன் நாள்களையும் அவன் எண்ணிப் பார்ப்பான்.

மணமகளும் மய்யித்தும்

‘ஜிஹாஸ்’ என்னும் சொல் பயணியின் மூட்டையோடு நிற்கவில்லை. பிறந்தகம் விட்டுப் புக்ககம் புகும் மணமகளின் பொருள்களுக்கும் அதுவே பெயராயிற்று. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களை ஆயத்தம் செய்து அனுப்பியதைக் கூறும் நஸாயீயின் செய்தியில் இவ்வினையே வருகின்றது. பொருள்களோ ஒரு கம்பளிப் போர்வை, ஒரு தண்ணீர்த் தோற்பை, இத்கிர் என்னும் மணப்புல் அடைத்த ஒரு தலையணை. அவ்வளவே. உமறுப் புலவர் பாத்திமா திருமணத்துக்குத் தனிப் படலமே வகுத்துப் பாடினார். காவியத்தில் மணவிழா சிறக்கலாம். மூட்டை பெருக வேண்டியதில்லை.

இச்சொல் உருதுவில் ‘ஜஹேஸ்’ என்றாகி, மணமகன் வீட்டார் எதிர்பார்க்கும் பொருளைக் குறிக்கலாயிற்று. நம்மிடையே அதன் கொடிய வடிவத்துக்குக் ‘கைக்கூலி’ என்று பெயர். 1961இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. ஆயினும் கேட்பவர் கேட்கின்றனர். மகளைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்த அன்பின் சொல், அவளை ஏற்றுக்கொள்ளப் பேசும் விலையின் சொல்லானது. வழிக்கு வேண்டியது எதுவோ அதுவே ஜிஹாஸ்; வழிப்பறிக்கு அப்பெயர் பொருந்தாது. சொல்லின் பழம்பொருளை நினைவூட்டுவது சீர்திருத்தத்துக்குப் போதாது என்பது உண்மை. ஆயினும் ‘மார்க்கத்தில் உள்ளதுதானே’ என்று கைக்கூலிக்கு நபியவர்களின் செயலைச் சான்று காட்டுவோர் வாயை அடைக்க அது போதும்.

இதே வேரினின்று ‘தஜ்ஹீஸ்’ என்னும் மற்றொரு சொல்லும் நம் கிதாபுகளில் வழங்குகின்றது. மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கத்துக்கு ஆயத்தம் செய்வதே அது. வாரிசுரிமை கூறும் ஃபராயிழ் நூல்களில், இறந்தவர் விட்டுச்சென்ற பொருளில் தஜ்ஹீஸுக்கான செலவையே முதலில் கூறுவர். கடனும், வஸிய்யத்தும், வாரிசுப் பங்கும் அதன் பின்னரே. அரபு மொழி மணமகளையும், வணிகனையும், போர்வீரனையும், இறந்தவரையும் ஒரே வினையால் வழியனுப்புகின்றது. நால்வரும் பயணிகள், நால்வருக்கும் மூட்டை கட்டுவோர் பிறர். ஒரு வீரனை ஆயத்தம் செய்து அனுப்பியவர் தாமும் களம் புகுந்தவரே என்னும் நபிமொழியின் கருத்து இங்கே நினைக்கத்தக்கது. கட்டிக்கொடுத்தவர்க்கும் பயணத்தில் பங்குண்டு.

நம் காலத்துப் பயணங்கள்

இந்தியாவிலிருந்து கப்பல் வழி ஹஜ்ஜுப் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றது. அதற்கு முன்னர் நம் பகுதி ஹாஜிகள் இரயிலில் பம்பாய் சென்று, அங்கே காத்திருந்து, கப்பல் ஏறினர். அரிசியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டதோடு கஃபன் துணியையும் உடன் கொண்டுபோனவர் உண்டு. ஊரில் வீடு வீடாகப் ‘பயணம் சொல்லி’, மனத்தாங்கல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டி, கடனைத் தீர்த்து, பிறகே வண்டி ஏறினர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பயண ஒழுக்கங்களைக் கூறுமிடத்து, பிறர்க்கு இழைத்த தீங்கைச் சரிசெய்தல், கடன் தீர்த்தல், அமானிதங்களைத் திருப்புதல், தன்னை நம்பியிருப்போர்க்கு வாழ்க்கைப்பொருள் வைத்துப்போதல் ஆகியவற்றையே முதலில் வைக்கிறார்கள். கால்மூட்டை பிறகுதான்.

இன்று சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கலாம். இந்த வசதி அல்லாஹ்வின் அருட்கொடை. அதைக் குறைகூறுவோர் அறிவுடையோர் ஆகார். ஆயினும் விரைவு பெருகப் பெருக, ஆயத்தம் என்பது கடவுச்சீட்டும் பெட்டியின் எடையும் என்று சுருங்கிப்போவதைக் காண்கிறோம். ‘ஹஜ் பயணம் மேற்கொண்டார்’ என்னும் செய்தித்தாள் தொடரில் கடனும் இல்லை, மன்னிப்பும் இல்லை, கட்டிக்கொடுத்த கையும் இல்லை. 

வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காடு போன்ற நம் ஊர்களிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்தோர் பலர். சபர் போகும் அவர்களை ஆயத்தம் செய்து அனுப்பும் தாயும் மனைவியும் அப்பயணத்தின் பாதியைச் சுமப்பவர்கள். ‘வெளிநாடு சென்றார்’ என்று எழுதும்போது அவர்கள் எழுத்திலிருந்து நீங்கிவிடுகிறார்கள். ‘பயணம் கட்டினார்’ என்று எழுதும்போது, கட்டியது யார் என்னும் வினா தானே எழுகின்றது.

ஆகவே எழுதுவோர்க்கு நாம் வேண்டிக்கொள்வது இதுவே. பேச்சு வழக்கு என்று இச்சொல்லை ஒதுக்காதீர்கள். ‘மூட்டை கட்டு’, ‘கடையைக் கட்டு’ என்பன இகழ்ச்சிப் பொருள் பெற்றுவிட்டன என்பது மெய். ‘பயணம் கட்டு’ என்பதன் மதிப்போ குறையவில்லை. புறப்பாடு மட்டும் கருதுமிடத்துப் ‘புறப்பட்டார்’ என்றே எழுதலாம். ஆயத்தத்தோடு கூடிய புறப்பாட்டைக் கூறுமிடத்து இச்சொல்லை விடாதீர்கள். சிறப்பாக, நம் குழந்தைகளுக்கு ஹிஜ்ரத்தின் வரலாற்றை எழுதும்போது ‘ஓடினார்கள்’ என்னும் சொல்லை நீக்குங்கள். நான்கு மாதம் இலை தின்று வளர்ந்த ஒட்டகங்களையும், விலை கொடுத்துக் கொண்ட வாகனத்தையும், கிழிந்த கச்சையையும், திருப்பித் தரப்பட்ட அமானிதங்களையும் முதலில் எழுதுங்கள். அதன்பின் எந்த வினை பொருந்தும் என்பதைக் குழந்தைகளே கூறுவார்கள்.